கை நனைத்த வெள்ளிக்கிழமை

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கடலோர வசதிகள் வாரியத்தின் அலுவலகத்துக்கு முதல் தடவை போகிறவர்கள், யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். உள்ளே அப்படி இழைத்து வைத்திருந்தார்கள். சுவர் முழுக்கத் தேக்குப் பலகை. தலைக்கு மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளித்து வைத்த விளக்குகள். கையை நீட்டினாலே தண்ணீர் கொட்டும் குழாய். உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய சோபா. போதாக்குறைக்கு வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி, அதில் கலர் மீன்கள். வந்து போகிறவர்களெல்லாம் கடற்கரை ஜனங்கள்தானே, பாவம், அவர்கள் மீனை எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்.

இந்த ஒப்பனைக்கு ஆன செலவு ஒன்றேமுக்கால் கோடி. தகவல் அறியும் சட்டத்தில் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி ஊருக்குச் சொன்னவள் இசைவாணி. சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவள். குடியிருப்பது கடலூர் செம்மண்டலத்தில் என்றாலும் பிறந்தது தெற்கே புன்னைக்குப்பத்தில். அவள் தம்பி கதிரவன் இன்னும் அங்கேதான் இருந்தான். அப்பா போன பிறகு அவள் படிப்புக்குக் கடலில் இறங்கிச் சம்பாதித்தவன் அவன். அதனால் அவன் விஷயம் என்றால் அவளுக்கு மனசு ஒரு நிலையில் நிற்காது.

புன்னைக்குப்பத்துப் படகுகள் கடலுக்குப் போக ஒரே வழி, ஊர் ஓடை கடலில் விழும் முகத்துவாரம். சில வருஷமாக அது மணல் மேடிட்டுக் கிடந்தது. வெயில் காலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஐப்பசி பிறந்து, இந்தப் பக்கம் மழைத் தண்ணீர் இரைந்து வர, அந்தப் பக்கம் கடலும் பொங்கினால், அந்த மணல் திட்டின் மேல் அலை உடையும். அந்த இடத்தில் படகு குறுக்கே திரும்பிவிட்டால் அப்புறம் தெய்வம் விட்ட வழிதான். போன மழைக்கு ஒரு படகு கவிழ்ந்து, அதில் போனவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தார்கள். தூர்வாரித் தாருங்கள் என்று ஊர் மனு மேல் மனு போட்டது. நிதி இல்லை என்று வாரியம் சொன்னது. சொன்ன மாதத்திலேயே மஞ்சக்குப்பத்தில் தேக்குப் பலகை வந்து இறங்கியது.

அதைத்தான் இசைவாணி ஒரு திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கேட்டாள். எங்கள் முகத்துவாரத்துக்கு ஒதுக்கிய பணத்தில்தான் உங்கள் அலுவலகத்தை அலங்கரித்தீர்களா, இல்லையா என்று ஒரே கேள்வி. சுற்றி வளைக்கவில்லை. வாரியத்து அதிகாரிகள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். நேரில் விளக்கம் தருகிறோம், அலுவலகத்துக்கு வாருங்கள் என்றார்கள்.

ஊர் சார்பில் இசைவாணியையும் சேர்த்து ஐந்து பேர் போனார்கள். தலைமை அவளுடைய தாய்மாமன் சுப்புராயன். புன்னைக்குப்பத்தின் நாட்டார், அதாவது ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர். வாரியத்தின் மேலாளர் எழுந்து நின்று கும்பிட்டார். பீங்கான் கோப்பைகளில் டீ வந்தது. ஐந்து பேரும் தொடவில்லை. தண்ணீராவது குடியுங்கள் என்று மேலாளர் வற்புறுத்தியபோது, மூலையில் நின்றிருந்த கண்காணிப்பாளர் தட்சிணாமூர்த்தி மெதுவாகக் குறுக்கிட்டு, "விடுங்க சார். அவுங்க குடிக்க மாட்டாங்க" என்றார்.

அவருக்குத் தெரியும். அவரும் இரண்டு குப்பம் தள்ளிப் பிறந்தவர்தான். படித்து, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்தவர். அந்தப் பக்கத்துக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வலைத் தகராறோ, பெண் கொடுக்கல் வாங்கலோ, எதுவானாலும் ஊருக்காகப் பேசப் போனவர்கள் எதிராளி இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பேச்சு முடிந்து வாக்கு வாங்கிய பிறகுதான் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் காரியம் முடிந்தது. சாப்பிட்டவர்களும் கட்டுப்பட்டவர்கள், சாப்பாடு போட்டவர்களும் கட்டுப்பட்டவர்கள். அதற்கு மேல் யாரும் அதைக் கிளறக் கூடாது. வாக்கு வாங்காமலே ஒருவர் கை நனைத்துவிட்டு வந்தால், ஊரை விற்றுவிட்டார் என்று அர்த்தம். அவர் பிறந்த வீட்டுப் படகை அந்தப் பருவம் முழுக்கக் கடலில் இறக்க விடமாட்டார்கள்.

அன்றைய விளக்கத்தில் விளக்கம் ஒன்றும் இல்லை. கோப்பு மேலே போயிருக்கிறது, வந்ததும் சொல்கிறோம் என்று பூசி மெழுகினார்கள். ஆனால் கிளம்பும்போது தட்சிணாமூர்த்தி வாசல்வரை வந்தார். இசைவாணியைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். கதிரவனை விசாரித்தார். அவன் படகின் நிறம், அது எந்த நேரத்துக்கு இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "இன்னும் அந்த மொகத்துவாரம் வழியாத்தான் போறானா? பாத்து இருக்கச் சொல்லு தங்கச்சி" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். இருந்தும் பஸ் ஏறியதும் அவள் முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிரட்டல் இல்லை, வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. கல்லூரி முதல்வர் மட்டும் ஒருநாள் கூப்பிட்டு, உங்களுக்குப் பெரிய இடத்தில் பழக்கம் உண்டாமே, உங்களைப் பற்றி விசாரித்தார்கள், நல்லவிதமாகத்தான் என்றார். யார் விசாரித்தார்கள் என்று அவள் கேட்டதற்கு, பேர் சொல்லவில்லை என்று சிரித்தார். தட்சிணாமூர்த்தி அவ்வப்போது போன் செய்து, மழை எப்படி, தம்பி சுகமா என்று கேட்டு வைத்துவிடுவார். கேள்வியைத் திரும்பப் பெறச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சிதம்பரத்தில் வாரியத்தின் கிளை அலுவலகம் திறந்தார்கள். அதுவும் மஞ்சக்குப்பத்தின் தங்கச்சிதான். அதே பலகை, அதே கண்ணாடி, கொஞ்சம் சின்னது. மதிய இடைவேளையில் தட்சிணாமூர்த்தி அழைத்தார். மேலாளர் இங்கேதான் இருக்கிறார், தூர்வாருகிற தேதியைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார், உன் காலேஜ் பக்கம்தானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்றார். ஊரைக் கேட்காமல் தனியாகப் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் தேதி என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதில் மனசு வழுக்கிவிட்டது. போனாள்.

ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை. புது மரத்தின் வாசனையும் நெய் வாசனையும் கலந்து தலை கனத்தது. மேலாளர் இதோ வந்துவிடுவார் என்று அவளை ஒரு பெரிய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தட்சிணாமூர்த்தி தன் கையாலேயே வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சாமி பிரசாதம் தங்கச்சி. இதுக்குமா கணக்கு பாப்பாங்க?" என்றார் அவர்.

ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பிரசாதத்தை எப்படி மறுப்பது? ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது எதிரே ஒருவன் செல்போனைத் தாழ்த்திக்கொண்டிருந்தான். மேலாளர் வரவே இல்லை. அவசரமாகச் சென்னை கிளம்பிவிட்டாராம். தேதி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் புவனகிரி வழியாகச் சுற்றிப் போகும் பஸ்தான் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது போன் விடாமல் துடித்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவள் படம். தோல் நாற்காலியில் உட்கார்ந்து, இலையைக் கையில் ஏந்தி, வாயருகே விரல்களோடு. கீழே என்ன வசவு வந்திருக்குமோ என்று பயந்துகொண்டே தள்ளிப் பார்த்தாள். வசவு ஒன்றுகூட இல்லை. கும்பிடுகள், பூங்கொத்துகள், வாழ்த்துகள். நம்ம ஊர்ப் பொண்ணு சாதித்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? இசைவாணி வாக்கு வாங்காமல் கை நனைக்கிற ஆள் இல்லை. ஆகவே வாக்குக் கிடைத்துவிட்டது. சர்க்கார் ஆபீசே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறது என்றால், அது கட்டுப்பட்டுவிட்டது என்றுதானே பொருள். தலைமுறை தலைமுறையாகக் குப்பத்துக்குக் குப்பம் செல்லுபடியான கணக்கு, தேக்குப் பலகை அடித்த இடத்தில் மட்டும் செல்லாமல் போகும் என்று யாருக்குத் தோன்றும்?

மாமன் வரச் சொல்லிப் போன் செய்ததால் வீட்டுக்குப் போகாமல் நேரே ஊரில் இறங்கியபோது அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியிருந்தது. ஆண்களும் பெண்களுமாக நல்ல கூட்டம். கதிரவன் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அமிர்தம், ஏழு மாத வயிற்றோடு. சுப்புராயன் எழுந்து, மருமகளைப் பார்த்து நிறைந்த குரலில் கேட்டார்.

"என்னா வாக்கு குடுத்தாங்க, சொல்லும்மா. எல்லாரும் கேக்கட்டும்."

ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்பது அந்த நொடியே அவள் கண் முன்னால் வந்தது. இதே மாமன் இதே வாயால், கதிரவன் படகு இந்தப் பருவம் இறங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்வார். சொல்லித்தான் ஆக வேண்டும். சொந்தம் என்று விட்டால் ஊர் அவரைச் சும்மா விடாது. பருவம் முழுக்கத் தம்பி வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளை பிறக்கப் போகிறது. அக்கா ஒருத்தி ஊரை விற்றுவிட்டாள் என்ற பேச்சோடு அவன் தெருவில் நடக்க வேண்டும்.

"மழை வலுக்கறதுக்குள்ள வந்து தூர்வாரிடறோம்னு சொல்லியிருக்காங்க மாமா" என்றாள்.

கோயில் மணியை யாரோ அடித்தார்கள். அப்போதே சுப்புராயன், இந்த வருஷம் யாரும் படகைக் கடலூர்த் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், வீண் டீசல் செலவு, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். போன மழைக்குப் பயந்து கதிரவன் மூன்று மாதம் அங்கேதான் படகைப் போட்டுத் தொழில் செய்தான். இந்தத் தடவை அந்தக் கஷ்டம் இல்லை என்று அமிர்தத்துக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கு இசைவாணிக்குத் தம்பி வீட்டில் சோறு இறங்கவில்லை. களைப்பு என்றாள்.

சொன்ன பொய்யை நிஜமாக்கிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். படித்தவளாயிற்றே, முட்டி மோதி ஒரு தேதியை வாங்கிவிட மாட்டோமா என்ற எண்ணம். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு மஞ்சக்குப்பத்துக்கு நடையாய் நடந்தாள். மேலாளர் ஒருநாள் மீட்டிங்கில் இருப்பார், மறுநாள் லீவில் இருப்பார். அவள் அந்தச் சோபாவில் உட்கார்ந்து கலர் மீன்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். குளிர்சாதனக் காற்றில் மழை பெய்வதுகூட அங்கே கேட்காது. இவர்களுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்கும்போது அவளுக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியில் தட்சிணாமூர்த்தியே தன் அறைக்குள் அழைத்தார். புன்னைக்குப்பத்திலிருந்து ஊர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், எங்கள் கோரிக்கை பேசித் தீர்ந்துவிட்டது, செலவு பற்றிய கேள்வியைத் திரும்பப் பெறுகிறோம், நன்றி என்று எழுதியிருக்கிறார்கள், மேலிடத்துக்கும் அனுப்பியாயிற்று என்றார். அவர் குரலில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல அன்பாகத்தான் பேசினார்.

"நீங்க எந்த வாக்கும் குடுக்கலியே" என்றாள் அவள்.

"குடுக்கலதான் தங்கச்சி. நான் எங்க சொன்னேன் குடுத்தோம்னு? கோயிலாண்ட எல்லார் முன்னாடியும் நீதான் சொன்னியாமே." மேசைக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தபடி அவர் தொடர்ந்தார். "நீ என்னத்துக்குச் சொன்னேன்னு எனக்குத் தெரியும். நானும் அந்த மண்ணுதான். யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன், பயப்படாத."

அவள் எழுந்து வெளியே வந்தாள். தன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தபோதே இந்த ஆள் இவ்வளவு தூரம் யோசித்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. பொங்கலை நீட்டிய கைக்கு, கோயில் முன்னால் அவள் என்ன சொல்வாள் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. ரோட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை விரிக்கத் தோன்றாமல் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரமாக நடந்தாள்.

அன்று இரவெல்லாம் மழை. விடிந்ததும் மாமனிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். படகு பருவம் முழுக்கக் கரையில் கிடந்தாலும் கிடக்கட்டும், தம்பி குடும்பத்துக்குத் தன் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம். இது முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காலையில் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினாள்.

ஊருக்குள் நுழையும்போதே ஓடை இரைவது கேட்டது. செம்மண் தண்ணீர் கரையை நக்கிக்கொண்டு ஓடியது. மாமன் வீட்டுக்குப் போகாமல் கால் தானாக முகத்துவாரத்துப் பக்கம் திரும்பியது. புயல் எச்சரிக்கை என்று ஒன்றும் இல்லை, மழைகூட விட்டிருந்தது. ஆனால் திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கரையில் படகுகள் தயங்கி நின்றன. கதிரவன் படகு மட்டும் தண்ணீரில் இருந்தது. முந்தின நாள் விரித்த வலை கடலில் கிடந்தது. விட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும் என்று கிளம்பிவிட்டான். கூட இரண்டு பேர்.

"கதிரு, போவாதடா" என்று கத்தினாள்.

"வலைய எடுத்துட்டு வந்துடறேன் யக்கா" என்று திரும்பிக் கத்தினான் அவன். "அதான் அடுத்த வாரம் மிஷின் வருதுல்ல. இன்னும் நாலு நாளைக்குத்தான் இந்தத் தொல்லை."

அடுத்த வாரம் என்று யார் சொன்னது? அவள் சொல்லவில்லை. அவள் சொன்ன பொய்க்கு ஊரே ஒரு நாள் குறித்துவிட்டிருந்தது. மிஷின் வராது, எவனும் வரமாட்டான் என்று அவள் அடித்தொண்டையில் கத்தினாள். இஞ்சின் அதற்குள் முழங்கிவிட்டது. அவன் கையை ஆட்டினான்.

படகு முதல் அலையில் ஏறி இறங்கியது. இரண்டாவதில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. கீழே விழும்போது அடி மணலில் இடித்து, இஞ்சின் நின்று, படகு குறுக்கே திரும்பியது. மூன்றாவது அலை அதைப் புரட்டிப் போட்டது. கரையில் இருந்தவர்கள் கயிற்றோடு பாய்ந்தார்கள். இரண்டு பேரை இழுத்து வந்தார்கள். கதிரவனுக்குப் படகின் விளிம்பு மண்டையில் அடித்திருந்தது. உச்சி வெயில் நேரத்துக்குத்தான் அவன் கிடைத்தான்.

வீட்டு வாசலில் கிடத்தினார்கள். அலுவலகத்திலிருந்து வருவார்கள், இப்போதாவது உடனே வந்து தூர்வாருவார்கள், வாக்குக் கொடுத்தவர்கள் ஆயிற்றே என்று கூட்டத்தில் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இசைவாணி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊரில் சாவு விழுந்தால் தொழில் நிறுத்துவது முறை. சுப்புராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வருமாறு ஆளை அனுப்பினார்.

"இனிமே நான் சொல்ற வரைக்கும் படகு எறங்கக் கூடாது."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வரக் கூடாது என்றுதான் கோயில் முன்னால் அவள் பொய் சொன்னாள். அன்றைக்கே வந்திருந்தால் இன்றைக்குக் கதிரவன் அக்காவைக் கரித்துக் கொட்டிக்கொண்டு, வேலை இல்லாமல், இந்த வீட்டுக்குள்ளே உயிரோடு உட்கார்ந்திருப்பான்.

அமிர்தம் தவழ்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தூர்வாரிடறோம்னு சொன்னாங்கன்னீங்களே அண்ணி. ஏன் இன்னும் வரல?" என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"அவுங்க சொல்லல, அமிர்தம்" என்றாள் இசைவாணி. "ஒன்னுமே சொல்லல. நான்தான் சொன்னேன்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சுப்புராயன் அப்படியே நின்று அவளைப் பார்த்தார். அமிர்தம் மட்டும் புரியாமல், பிடித்த கையை விடாமல், மறுபடியும் அதையே கேட்டாள்.